கிள்ளான் இரயில் நிலையத்தின் கதை



நாள்தோறும் கண்ணிற்படும் பொருள்களைப் பற்றி நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. வீட்டு வாசலில் நிழல் தரும் மரத்தை நட்டவர் யார் என்று கேட்டால், நம்மில் பலருக்கு விடை தெரியாது. கிள்ளான் இரயில் நிலையமும் அத்தகையதே. தீபாவளிக்குத் துணி எடுக்கவும் பூமாலை வாங்கவும் தெங்கு கிளானா சாலைக்கு நாம் செல்கின்றோம். அச்சாலைக்கு அருகிலேயே அந்நிலையம் அமைந்துள்ளது. காலையில் வேலைக்குச் செல்வோரும், கல்லூரி மாணவரும், கைக்குழந்தையோடு உறவினரைக் காணச் செல்லும் தாய்மாரும் அங்கே வண்டிக்குக் காத்து நிற்கின்றனர். ஆனால், அந்நிலையம் எப்பொழுது வந்தது? எதற்காக வந்தது? அதை அமைக்க வியர்வை சிந்தியவர் யாவர்? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிலேயே ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கிள்ளான் நிலையம் நம்மைப் போன்ற பயணிகளை எண்ணிக் கட்டப்பட்டதன்று. ஈயத்தைக் கப்பலுக்கு அனுப்பவே இப்பாதை போடப்பட்டது. பின்னர் ரப்பரையும் அது சுமந்தது. மக்களின் அன்றாடப் போக்குவரத்தே முதன்மை நோக்கமாக அமைவதற்கு நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

ஆறே சாலையாக இருந்த காலம்

இரயில் வருவதற்கு முன் சிலாங்கூர் மாநிலத்தில் ஆறுதான் சாலை. 1857ஆம் ஆண்டு, கிள்ளானை ஆண்ட ராஜா அப்துல்லா 87 சீனத் தொழிலாளரைக் கிள்ளான் ஆற்றின் வழியே ஈயம் தேட அனுப்பினார். கோம்பாக் ஆறு கிள்ளான் ஆற்றோடு கூடும் இடத்தில் இறங்கி, காட்டு வழியே அவர்கள் அம்பாங் சென்றனர். மலேரியாக் காய்ச்சல் கண்டு ஒரு மாதத்திற்குள் அவர்களுள் பெரும்பாலோர் மாண்டனர். எஞ்சியோர் 18 பேரே. எனினும் மேலும் ஆட்கள் வந்தனர், ஈயமும் கிடைத்தது. அவர்கள் இறங்கிய சேற்று முகத்துவாரமே கோலாலம்பூர் என்னும் பெருநகராக வளர்ந்தது.

ஈயம் கனமான பொருள். லம்பங்களில் தோண்டி உருக்கிய ஈயக் கட்டிகளை மாட்டு வண்டிகளில் ஏற்றி, டாமன்சாரா என்னும் ஆற்றுத் துறைக்குக் கொண்டு வருவர். அங்கிருந்து படகில் கிள்ளானுக்கு அனுப்புவர். மழைக்காலத்தில் வண்டிச் சக்கரங்கள் சேற்றில் புதைந்துவிடும். வறண்ட காலத்தில் ஆற்றில் நீர் குறைந்து படகு தரை தட்டும். அரிசியும் துணியும் கருவிகளும் இதே வழியில்தான் கோலாலம்பூருக்குச் செல்ல வேண்டும். எனவே, அந்நகரில் எப்பொருளும் விலை கூடியதாகவே இருந்தது.

ஈயம் இழுத்து வந்த இரயில்

1880ஆம் ஆண்டு சிலாங்கூரின் நிருவாகத் தலைநகர் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாற்றப்பட்டது. அடுத்த ஆண்டே தீயும் வெள்ளமும் கோலாலம்பூரைச் சூறையாடின. மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் ஆன வீடுகள் அழிந்தன. 1882இல் சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம், இனிக் கட்டடங்களைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்ட வேண்டுமென ஆணையிட்டார். செங்கல் சூளைகள் எழுந்த பகுதியே பிரிக்பீல்ட்ஸ் எனப் பெயர் பெற்றது. பின்னாளில் அப்பகுதி இரயில்வேயின் பணிமனைகளும் ஊழியர் குடியிருப்புகளும் நிறைந்த இடமாயிற்று.

இதே சுவெட்டன்ஹாம் அவர்களே கோலாலம்பூரையும் கிள்ளானையும் இரும்புப் பாதையால் இணைக்க முனைந்தார். மலாயாவின் முதல் இரயில் பாதை 1885ஆம் ஆண்டு ஜூன் மாதம் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே திறக்கப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 8 மைல். அடுத்த ஆண்டு, 1886 செப்டம்பரில், கோலாலம்பூரிலிருந்து புக்கிட் கூடா வரை ஏறத்தாழ 19 மைல் நீளமுள்ள சிலாங்கூர்ப் பாதை திறக்கப்பட்டது.

புக்கிட் கூடா கிள்ளானுக்கு அருகிலேயே உள்ளது. ஆனால், நடுவே கிள்ளான் ஆறு குறுக்கிட்டது. பாலம் கட்டாமல் வண்டி அக்கரை சேர வழியில்லை. 1890ஆம் ஆண்டு கொன்னாட் பாலம் கட்டி முடிக்கப்பட்டபின், இரயில் ஆற்றைக் கடந்து கிள்ளான் நகருக்குள் வந்தது. அவ்வாண்டே கிள்ளான் இரயில் நிலையம் பிறந்தது. இன்றும் புக்கிட் பாடாக் நிலையத்தை விட்டுப் புறப்படும் வண்டி ஆற்றுப் பாலத்தைக் கடந்தே கிள்ளானை அடைகின்றது. அடுத்த முறை செல்லும்போது சன்னல் வழியே நீங்களும் காணலாம்.

துறைமுகமும் கொசுவும்

கிள்ளான் நகரின் ஆற்றுத் துறை ஆழம் போதாதது. பெரிய கப்பல்கள் அங்கே வர இயலவில்லை. ஆகவே, ஆற்றின் முகத்துவாரத்தில் புதிய துறைமுகம் ஒன்றை அமைக்கத் திட்டமிட்டனர். 1899இல் இரயில் பாதை கிள்ளானிலிருந்து கடற்கரை வரை நீண்டது. 1901ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் துறைமுகம் திறக்கப்பட்டது. அதற்குப் போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயரிட்டனர். 1972ஆம் ஆண்டில்தான் அது போர்ட் கிள்ளான் எனப் பெயர் மாறியது.

துறைமுகம் திறந்த மகிழ்ச்சி நெடுநாள் நிலைக்கவில்லை. சதுப்பு நிலத்தை வெட்டித் திருத்திய இடத்தில் மலேரியா தலைவிரித்தாடியது. துறைமுகத் தொழிலாளரும் இரயில்வே ஊழியரும் அடுத்தடுத்துப் படுக்கையில் வீழ்ந்தனர். துறைமுகத்தையே மூடிவிடலாமா என்று எண்ணும் அளவிற்கு நிலைமை முற்றியது.

நான்கு ஆண்டுகளுக்கு முன்னர்தான், 1897இல், இந்தியாவின் செகந்தராபாத் நகரில் ரொனால்டு ராஸ் என்னும் மருத்துவர் மலேரியாவைப் பரப்புவது கொசுவே என்பதற்குச் சான்று கண்டிருந்தார். 1901இல் கிள்ளான் மாவட்ட மருத்துவராகப் பணியேற்ற மால்கம் வாட்சன் அக்கண்டுபிடிப்பை இங்கே செயற்படுத்தினார். கால்வாய் வெட்டித் தேங்கிய நீரை வடித்தனர், கரை எழுப்பிக் கடல்நீர் புகாமல் தடுத்தனர், புதர்களை அழித்தனர். கொசு முட்டையிட இடமின்றிப் போயிற்று; காய்ச்சலும் வெகுவாகக் குறைந்தது. உலகில் மலேரியாவை இம்முறையில் அடக்கிக் காட்டிய முதல் இடங்களுள் நம் கிள்ளானும் ஒன்று என்பதை மாணவர்கள் பெருமையுடன் நினைவிற்கொள்ள வேண்டும். திட்டம் மருத்துவருடையது, சேற்றில் இறங்கிக் கால்வாய் வெட்டியவர்கள் தொழிலாளர்கள்.

இரும்புப் பாதையில் தமிழர்

மலாயா இரயில்வேயில் பல இனத்தவரும் உழைத்தனர். அவர்களுள் தமிழரின் பங்கு பெரிது. அத்தமிழரும் இரு வழியாக வந்தவர்கள்.

யாழ்ப்பாணத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே மிஷன் பள்ளிகள் ஆங்கிலக் கல்வி அளித்து வந்தன. அங்குப் படித்த தமிழர் பலர் மலாயாவிற்கு வந்து இரயில்வேயில் எழுத்தராகவும் நிலைய அதிபராகவும் பணியாற்றினர். பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் அவர்கள் பெருகினர். கோயிலும் வாசகசாலையும் பள்ளியும் கண்டனர். 1904ஆம் ஆண்டு அங்கு நிறுவப்பட்ட விவேகானந்தா ஆசிரமம் இன்றும் நம் கண்முன் நிற்கின்றது.

தமிழகத்து ஊர்களிலிருந்து வந்தவர்களோ கையில் மண்வெட்டி ஏந்தினர். காடு வெட்டி, மேடு சரித்து, பள்ளம் நிரப்பி, பாதை அமைக்கும் பணியும் அதைப் பேணும் பணியும் அவர்களுடையவை. ரப்பர் விலையேறிய காலத்தில் கிள்ளான் வட்டாரமெங்கும் தோட்டங்கள் எழுந்தன. கங்காணிமார் ஊர்களுக்குச் சென்று ஆள் கூட்டி வந்தனர். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்களுள் பலர் போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கினர். தொற்றுநோய்த் தடுப்பு முகாமில் சில நாள் தங்கியபின் தோட்டங்களுக்குப் பிரித்தனுப்பப்பட்டனர். 1938ஆம் ஆண்டு இந்திய அரசு இவ்வாறு தொழிலாளரை அனுப்புவதைத் தடை செய்தது. எனினும் பயணிகளின் வருகை நிற்கவில்லை. 1926இல் கட்டப்பட்ட ‘ரஜுலா’ என்னும் கப்பல் 1973 வரை தமிழகத்திற்கும் மலாயாவிற்கும் இடையே ஓடியது. உங்கள் பாட்டன், பூட்டனாரில் எவரேனும் அக்கப்பலில் வந்திருக்கக்கூடும்.

தண்டவாளத் தொழிலாளியின் வேலை யாது என்பதைச் சற்று விளக்குகிறேன். தண்டவாளத்தின் அடியில் குறுக்கே கிடப்பவை சிலிப்பர் கட்டைகள். இக்காலத்தில் அவை கான்கிரீட்டால் ஆனவை. அக்காலத்தில் செங்கால் போன்ற உறுதியான மரங்களால் செய்யப்பட்டன. இரு தண்டவாளங்களுக்கும் இடையே சரியாக ஒரு மீட்டர் அகலம் இருக்கும்படி அக்கட்டைகள் பிடித்து நிறுத்துகின்றன. கட்டைகளுக்கு அடியில் சரளைக்கல் பரப்பப்பட்டுள்ளது. அக்கல் வண்டியின் பாரத்தைப் பரவலாக நிலத்திற்குக் கடத்துகிறது; மழைநீர் தேங்காமல் வடியவும் செய்கிறது. நம் நாட்டின் பெருமழையில் கல் விலகினால் கட்டை அசையும். கட்டை அசைந்தால் தண்டவாளம் வளையும். தண்டவாளம் வளைந்தால் வண்டி தடம் புரளும். ஆகவே, தொழிலாளர் குழுவாகப் பாதை நெடுகிலும் நடந்து, கல்லைக் குத்தி இறுக்குவர். தளர்ந்த ஆணியை முடுக்குவர். உளுத்த கட்டையை மாற்றுவர். வண்டியில் அமர்ந்து செல்வோர் அச்சமின்றி உறங்கினர் என்றால், வெயிலில் நின்ற அவர்களின் விழிப்பே அதற்குக் காரணமாகும்.

நிலைய அதிபர்களின் பெயர்கள் பதிவேடுகளில் உள்ளன. சரளைக்கல் குத்தியவர்களுள் பெரும்பாலோரின் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. இருவரும் தமிழரே, எழுத்தறிவு ஒருவரை மேசைக்கும், அஃதின்மை மற்றவரை வெயிலுக்கும் அனுப்பியது. கல்வியின் பயனை உணர்த்த இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. ஆயினும், உழைப்பில் உயர்வு தாழ்வு இல்லை என்பதையும் நாம் மறத்தலாகாது.

நிலைய அதிபரின் வளையம்

ஒற்றையடிப் பாலத்தில் எதிரெதிரே வந்த இரண்டு ஆடுகளின் கதை உங்களுக்குத் தெரியும். இரண்டும் விட்டுக்கொடாமல் முட்டி ஆற்றில் வீழ்ந்தன. ஒரே தண்டவாளத்தில் இரண்டு இரயில்கள் எதிரெதிரே வந்தால் என்னவாகும்? இதைத் தடுக்க அக்காலத்தில் ஓர் எளிய ஏற்பாடு செய்தனர்.

ஒரு நிலையத்திற்கும் அடுத்த நிலையத்திற்கும் இடைப்பட்ட பாதைக்கென ‘டோக்கன்’ எனப்படும் அடையாளப் பொருள் உண்டு. இரு நிலையங்களிலும் உள்ள பெட்டிகள் மின்கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும். ஒரு டோக்கனை வெளியே எடுத்துவிட்டால், அது மீண்டும் ஏதேனும் ஒரு பெட்டிக்குள் சேரும்வரை வேறொன்றை எடுக்க இயலாது. அதைக் கையில் பெற்ற ஓட்டுநரே அப்பாதையில் வண்டியைச் செலுத்தலாம். நில்லாமல் செல்லும் வண்டிக்காகப் பெரிய வளையம் ஒன்றில் அதைக் கோத்து, மேடையோரம் நின்று நீட்டுவர். ஓட்டுநர் தம் கையை வளையத்துள் நுழைத்துப் பற்றிக்கொள்வார். மலாயா இரயில்வேயின் ஒற்றைப் பாதைகளில் இம்முறை நெடுங்காலம் வழங்கியது. சிங்கப்பூரின் புக்கிட் தீமா நிலையத்தில் 2011ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதி வரை இவ்வழக்கம் நீடித்தது. ஒரு சிறு பொருளை ஒழுங்காகக் கைமாற்றியதால் எண்ணற்ற உயிர்கள் காக்கப்பட்டன.

திரும்பி வாராத பயணம்

இரயில் பாதை மகிழ்ச்சியை மட்டும் சுமந்து வரவில்லை. 1942ஆம் ஆண்டு ஜனவரி மாதம் ஜப்பானியப் படை கோலாலம்பூரைக் கைப்பற்றியது. அவ்வாண்டே சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் நீளமான இரயில் பாதையை அமைக்கும் பணியை ஜப்பானியர் தொடங்கினர். போர்க் கைதிகள் போதாமையால் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைத் திரட்டினர். நல்ல சம்பளம், நல்ல உணவு என்று ஆசை காட்டினர். அதற்கு மயங்காதவரை வலிந்து பிடித்தும் சென்றனர். மூடிய சரக்குப் பெட்டிகளில் அடைத்து வடக்கே கொண்டு சென்றனர். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. அதற்குள் காலராவும் மலேரியாவும் பசியும் அடியும் பல்லாயிரவரைக் கொன்றுவிட்டன. அதையே நம் மக்கள் சயாம் மரண இரயில் என்கின்றனர். அப்பாதைக்குத் தேவையான தண்டவாளங்களுக்காக மலாக்காக் கிளைப்பாதையே பெயர்த்தெடுக்கப்பட்டது.

மலாயாவில் இரயில் பாதையை அமைக்க வந்தவர்களின் பிள்ளைகளே அவ்விரயிலில் ஏற்றப்பட்டு, வேறொரு பாதைக்கு உயிர்க்கொடை ஆயினர். தோட்டங்களில் தந்தையை இழந்த குடும்பங்கள் பல. அவர்களுள் பலருக்கு ஒரு கல்லறைகூட இல்லை. இதனை அறியாமல் நம் இனத்தின் வரலாற்றை அறிந்தோம் என்று சொல்ல இயலாது.

மக்களின் வண்டி

போருக்குப் பின் காலம் மாறியது. நாடு விடுதலை பெற்றது. கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே கூட்டரசு நெடுஞ்சாலை உருவாயிற்று. பேருந்தும் மோட்டார் சைக்கிளும் பெருகின. 1978இல் ஷா ஆலாம் சிலாங்கூரின் தலைநகராயிற்று. பாதையோரத் தோட்டங்கள் குடியிருப்புகளாயின. இன்று அடுக்குமாடிகள் நிறைந்த சுபாங் ஜெயா 1976 வரை சீபீல்டு ரப்பர்த் தோட்டமாக இருந்தது என்றால் நீங்கள் வியப்படைவீர்கள். ரப்பர் மரங்கள் நின்ற இடங்களில் வீடுகள் எழுந்தன. வீடுகளில் வாழ்வோர் நாள்தோறும் நகருக்கு வேலைக்குச் செல்ல வேண்டியவராயினர். சாலைகள் நெரிசலால் திணறின.

அப்பொழுதுதான் பழைய பாதையின் அருமை மீண்டும் உணரப்பட்டது. பாதை இரட்டையாக்கப்பட்டு, மேலே 25,000 வோல்ட் மின்கம்பி இழுக்கப்பட்டது. 1995ஆம் ஆண்டு கொமுட்டர் என்னும் மின்சார இரயில் சேவை தொடங்கியது. பெட்டாலிங், சுபாங் ஜெயா, பத்து தீகா, ஷா ஆலாம், பாடாங் ஜாவா, புக்கிட் பாடாக், கிள்ளான், தெலுக் பூலாய் எனக் குறைந்த தொலைவிலேயே நிலையங்கள் அமைந்தன. நீராவி இயந்திரமும் டீசல் இயந்திரமும் வண்டியின் முன்னே நின்று இழுக்க வேண்டும். மின்சார இரயிலிலோ வண்டித் தொடருக்குள்ளேயே மோட்டார்கள் உள்ளன. ஆதலால் விரைந்து புறப்படவும், விரைந்து நிற்கவும், திசை மாற்றி ஓடவும் அதனால் இயலும். அடிக்கடி நிற்க வேண்டிய புறநகர்ச் சேவைக்கு அதுவே ஏற்றது.

2001இல் பிரிக்பீல்ட்சின் பழைய இரயில்வே நிலத்தில் கேஎல் சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. 1910இல் திறக்கப்பட்ட, குவிமாடங்கள் அழகுசெய்யும் பழைய கோலாலம்பூர் நிலையம் தன் தலைமையை அதனிடம் ஒப்படைத்தது. 2010இல் மகளிர்க்கெனத் தனிப்பெட்டி வந்தது. அதே ஆண்டில் மின்சார இரயில் பத்துமலை வரை நீண்டது. இன்று கிள்ளானில் ஏறுவோர் கோலாலம்பூரில் வண்டி மாறிப் பத்துமலையின் அடிவாரத்திலேயே இறங்கலாம். தைப்பூசத்தன்று மஞ்சள் ஆடையும் பால்குடமுமாக மக்கள் வண்டி நிறைந்து செல்லும் காட்சி காண்போர் உள்ளத்தைத் தொடும். கெட்டி அட்டையில் அச்சிட்ட பயணச்சீட்டு மறைந்தது. இன்று அட்டையைத் தொட்டு வாயிலைக் கடக்கின்றோம்.

நாம் செய்ய வேண்டுவது

மாணவச் செல்வங்களே! தோட்டங்கள் பல மறைந்தன. லயங்கள் இடிக்கப்பட்டன. தோட்டத்தின் பெயர் இன்று பல இடங்களில் தமிழ்ப்பள்ளியின் பெயர்ப்பலகையில் மட்டுமே எஞ்சியுள்ளது. ஆனால், நம் முன்னோர் மண்வெட்டியோடு நின்ற வழித்தடத்தில் இன்றும் வண்டி ஓடிக்கொண்டிருக்கின்றது. அவர்களின் பெயர்களைக் கல்லில் காண இயலாது. முதியோரின் நினைவில்தான் காண இயலும். அந்த நினைவும் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றது.

ஆகவே, இவ்விடுமுறையில் உங்களுக்கு ஒரு பணி தருகின்றேன். உங்கள் தாத்தா, பாட்டியிடம் அமர்ந்து, நம் குடும்பத்தில் எவரேனும் இரயில்வேயில் வேலை செய்தனரா, எவர் எந்த ஊரிலிருந்து எந்தக் கப்பலில் வந்தார், எவரேனும் சயாமுக்குச் சென்று திரும்பாமற் போயினரா என்று பணிவோடு கேளுங்கள். அவர்கள் சொல்லும் பெயரையும் ஊரையும் ஆண்டையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். ஆண்டு தெரியவில்லையெனில், அவர்கள் சொன்னவாறே எழுதுங்கள். பெயர் ஒன்று கிடைத்தாலும் போதும். நூறாண்டுக் காலம் பெயரின்றி இருந்த ஒருவருக்கு அது பெயர் தருவதாகும். பள்ளி திறந்ததும் அந்நோட்டுப் புத்தகங்களை என்னிடம் கொண்டு வாருங்கள். நம் பள்ளி நூல்நிலையத்தில் அவற்றிற்கென ஓர் அலமாரி ஒதுக்கப்படும்.